பூ விழும் அளவு

காலை ஆறரை பஸ்ஸில் கண்கள் வருகின்றன.
மேட்டுப்பாளையம் அறுப்புக்கூடத்தில் ஏற்றியவை
பர்லியார் வளைவுகளையெல்லாம் இமைக்காமல் கடந்து
குன்னூரில் இறங்குகின்றன,
ஐஸ் பெட்டிக்குள், உப்புநீரில்.
"இன்னிக்கு எத்தனை ஜோடி?" என்பார் கண்டக்டர் யூஜின்.
ஜோடி சேர்க்க எனக்கு நேரமில்லை.
கீறல் கண்டது, நரம்போடியது, முன்பே பூ விழுந்தது
எல்லாம் கழித்தால் பெட்டியில் பாதி மிஞ்சும்.

கண் வெளுப்பதைப் பூ விழுந்தது என்கிறோம்.
கருவி அதற்கு ஓர் எண் தருகிறது.

இந்த வாரம் வந்திருப்பது துத்தநாகம்,
தேயிலை சிறுத்துச் சுருளும் தோட்டங்களில் இலைமேல் தெளிக்க.
தனியாக விட்டால் தொட்டியிலேயே படிந்துவிடும் என்று
ஒரு மூலக்கூறு நண்டுபோல் கொடுக்கை நீட்டி
உலோகத்தைக் கவ்வி வருகிறது.
கொடுக்கிணைப்பு. பெயர் அழகாகத்தான் இருக்கிறது.
இலைக்குள் போய்க் கொடுக்கைத் திறக்கும் என்கிறது கையேடு.
கண்ணீரிலும் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து உண்டு.
எதைக் கவ்வுவது, எதை விடுவது?
நண்டுக்குக் கையேடு படிக்கத் தெரியாது.

விழிப்படலத்தை வளையத்தில் மாட்டி
முக்கால் மில்லி ஊற்றி
பத்து நிமிடம் ஜன்னலைப் பார்த்தேன்.
பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவந்து
எதிர்ச்சரிவின் சவுக்கு மரங்களை ஒவ்வொன்றாக அழித்தது.
அதற்கு எண் இல்லை.
கழுவினேன். முப்பத்திரண்டு டிகிரியில்
இரண்டு மணி நேரம் வைத்தேன்.
பச்சைச் சாயம் எவ்வளவு கசிகிறதென்று பார்த்தேன்.
பதினொன்று புள்ளி நான்கு.

மூன்று வரை என்றால் எச்சரிக்கை வேண்டாம்.
ஐம்பத்தைந்தைத் தாண்டினால் கண்ணுக்குக் கேடு என்று எழுதலாம்.
நடுவில் விழுந்தால் நெறிமுறைக்கு ஒரே வரி:
இதை மட்டும் வைத்துக் கணிக்க இயலாது.
இந்த உத்தியோகத்தில் நான் படித்த
நேர்மையான வாக்கியம் அது.

தோலுக்கு விமானத்தில் ஒரு வில்லை வந்தது.
தட்டில் வளர்த்தது, நாலணா அகலம்.
அட்டை கடித்திராத தோல்,
ஜனவரி உறைபனியில் விடியாத தோல்.
மருந்து பட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு
உயிரோடிருந்தது.
எரிச்சலூட்டாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை கோத்தகிரி போனது வேறு காரியத்துக்கு.
கட்டபெட்டு தாண்டிச் சாலையோரச் சரிவில்
தெளிப்பான் சுமந்து ஒருத்தி, மூடி சரியாக மூடாத டாங்க்,
முதுகு நனைந்திருந்தது.
கீழே கிடந்த டப்பா அதே கம்பெனி, பழைய சரக்கு.
ரெஜினம்மா என்று பேர் சொன்னாள்.
கை நீட்டச் சொன்னேன், ஜோசியக்காரி மாதிரி.
ரேகைகளில் கறுப்பாகத் தேயிலைக் கறை,
ரேகையில்லாத இடத்திலும் ரேகைபோல் வெடிப்பு.

"எரியுமா?"
"கையில காந்தும். கண்ணுல பட்டாத்தான் எரியும்.
மூஞ்சி கழுவினா போயிரும்."
"எந்தத் தண்ணியில?"
மருந்து கலக்கும் தொட்டியைக் காட்டினாள்.
நல்ல தண்ணீர் கீழே ஓடையில். இருபது நிமிட இறக்கம்.
"கண்ணை மூடிக்கிட்டு எறங்குனா எவ்வளவு நேரம்னு
நீங்கதான் கணக்குப் போடணும்" என்று சிரித்தாள்.
நான் உண்மையாகவே போட்டேன், பஸ்ஸில்.

கம்பெனியிலிருந்து குமரகுரு இருமுறை கூப்பிட்டார்.
"லேபிள்ல ஆச்சரியக்குறி வேணாம்தானே மேடம்?"

பிற குறிப்புகள் என்ற கட்டத்தில் இரண்டு வரிக்கு இடம்.
முதல் வரி: கண்ணுக்கு மறுசோதனை தேவை.
இரண்டாவது வரி கட்டத்தை மீறி ஓரத்தில் ஏறியது:
வெடித்த தோலில் சோதிக்கவில்லை,
தண்ணீர் இருபது நிமிடம் கீழே.

வியாழக்கிழமை படிவம் திரும்பி வந்தது.
இரண்டாம் வரிக்கு எதிரே யாரோ
'பொருந்தாது' என்று எழுதியிருந்தார்கள்.
பென்சில்தான்.
அழித்துவிட்டு அனுப்பினேன்.